அபராதமும் மேற்குறிப்பும்



சட்டத்தின் வரலாற்றைச் சட்டமன்றங்களிலும் உயர்நீதிமன்றங்களிலும் தேடுவது நம் வழக்கம். நான் அதனை முதன்முதலாகச் சந்தித்த இடம் விருதுநகரில் ஒரு தெருமுனை. 1964-ஆம் ஆண்டு என்று நினைவு. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். அந்தி மயங்கி இருள் சூழ்ந்த நேரத்தில், பெரியப்பாவின் சைக்கிளில் தோழன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சைக்கிளில் விளக்கு இல்லை. இரவில் விளக்கின்றிச் செல்வதும், ஒரு சைக்கிளில் இருவர் செல்வதும் அந்நாளில் காவலர் கைக்கு எளிதில் அகப்படும் இரு குற்றங்கள். பின்னதற்கு ‘டபிள்ஸ்’ என்று பெயர். நாங்கள் இரண்டையும் ஒருங்கே செய்தோம்.

காவலர் கடுமையானவர் அல்லர். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, “தம்பி, இரண்டையும் எழுதட்டுமா, ஒன்றை எழுதட்டுமா?” என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன். “எதை?” என்றார். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பின்னால் இருந்தவன்தான் முந்திக்கொண்டான்: “விளக்கை எழுதுங்கள் ஐயா!” டபிள்ஸ் என்று எழுதினால் அவன் பெயரும் அதில் வரும் என்பது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. விளக்கே எழுதப்பட்டது.

பெரியப்பா ஒரு லாரி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அபராதத்தை அவரே கட்டினார். திரும்பி வந்தபின் என்னை அழைத்து, “விளக்கு இல்லாதது சைக்கிளின் குற்றம், இருவர் ஏறியது உன் குற்றம். சைக்கிளின் குற்றத்துக்கு நான் பணம் கட்டிவிட்டேன். உன் குற்றம் எங்கே போயிற்று?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் சாலைக் குற்றங்களைப் பற்றிய சட்டங்கள் நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றன என்பதை நான் பிற்காலத்தில் அறிந்தேன். இன்று அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. விருதுபட்டி என்றிருந்த ஊர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. வத்தல், பருத்தி, எண்ணெய், பருப்பு ஆகிய இவை வந்து குவிவதும் பிரிந்து செல்வதுமே அதன் வாழ்வு. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் பெருஞ்சாலை அதன் வழியே செல்கிறது. தென்மேற்கே சிவகாசி. அங்கிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர் என்பதும், தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், பட்டாசின் மேலுறையிலிருந்து அச்சுத் தொழிலும் பெருகின என்பதும் நீங்கள் அறிந்த செய்திகளே. அறியாதது ஒன்றுண்டு. பட்டாசு செய்யும் கைகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதனை ஏற்றிச் செல்லும் கைகளைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆண்டு முழுவதும் செய்த சரக்கு, தீபாவளிக்கு முந்திய சில மாதங்களுக்குள் நாட்டின் வடகோடி வரை சென்று சேரவேண்டும். நாள் தவறினால் அந்தச் சரக்குக்கு அவ்வாண்டு மதிப்பில்லை. ஓட்டுநரின் கால் அழுத்தும் அழுத்தத்தில் அவன் அவசரம் மட்டுமன்று, ஒரு வட்டாரத்தின் அவசரமே இருக்கிறது.

இனி மோட்டார் வண்டி தோன்றிய நாட்டுக்குச் செல்வோம். 1896-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு எட்டு மைல் வேகத்தில் வண்டி ஓட்டினார். ஊர்களுக்குள் அனுமதிக்கப்பட்ட வேகம் இரண்டு மைல். காவலர் ஒருவர் சைக்கிளில் ஐந்து மைல் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். அபராதம் விதிக்கப்பட்டது. வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் ஓட்டி அவரே என்பர். அபராதம் கட்டியதோடு விவகாரம் முடிந்தது; ஏனெனில் அன்று ஓட்டுநர் உரிமம் என்ற ஒன்றே இல்லை.

1903-ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய மோட்டார் கார் சட்டம் இந்நிலையை மாற்றியது. ஐந்து ஷில்லிங் கொடுத்து ஒவ்வோர் ஓட்டுநரும் உரிமம் பெறவேண்டும். தண்டிக்கப்பட்டால் அத்தண்டனையை அந்த உரிமத்தின் மேலேயே எழுதவேண்டும். இதனையே நாம் மேற்குறிப்பு என்கிறோம். பார்வைக்குச் சிறிய ஏற்பாடு. ஆனால் அபராதத்துக்கும் மேற்குறிப்புக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அபராதம் காசைத் தொடுகிறது. காசை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தந்தை கொடுக்கலாம், முதலாளி கொடுக்கலாம், பெரியப்பா கொடுக்கலாம். மேற்குறிப்பை யாரும் யாருக்காகவும் வாங்கிக்கொள்ள முடியாது. அது அந்த மனிதனோடு நடந்து வரும். அடுத்த நீதிமன்றத்தில் அவனுக்கு முன்னே நின்று பேசும். குற்றத்தை மறுப்பதற்குப் பதிலாகக் குற்றத்தின் பெயரை மாற்றிக்கொள்ளும் விருப்பம் அன்றே பிறந்தது எனலாம். மேற்குறிப்பு இல்லாத உலகில் அதற்குத் தேவையே இல்லையன்றோ?

இந்தியாவில் 1914-ஆம் ஆண்டின் 8-ஆவது சட்டம் நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் வண்டிச் சட்டம். அதனை விரிவாகப் பேச நேரமில்லை. அதற்குப் பதிலாக வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமே நம் கதைக்கு உயிர்நிலை. அதிலும் 130-ஆவது பிரிவு. சட்டப் புத்தகங்களில் எத்தனையோ பிரிவுகள் தூங்குகின்றன. இந்தப் பிரிவோ தெற்கத்திச் சாலைகளில் லாரி ஓட்டிய ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருந்தது. அதன் எண்ணைத்தான் அவர்கள் அறியார்கள்.

அது சொன்னது இதுதான். மோட்டார் குற்றத்துக்காக ஒருவருக்கு நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பும்போது, அவர் நேரில் வராமல் வக்கீல் மூலம் வரலாம் என்றோ, குறிப்பிட்ட நாளுக்குள் பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறிப்பிட்ட தொகையை அனுப்பிவிடலாம் என்றோ அந்த ஆணையிலேயே எழுதிவிடும். தொகைக்கு உச்சவரம்பு 25 ரூபாய். கடுங்குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. அவை ஐந்தாம் அட்டவணையின் முதற்பகுதியில் தனியே குறிக்கப்பட்டிருந்தன. அதே அட்டவணையின் இரண்டாம் பகுதியில் வேறொரு வகைக் குற்றங்கள் இருந்தன. இவற்றைத் தபாலில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கடிதத்தோடு ஓட்டுநர் உரிமத்தையும் அனுப்பவேண்டும். எதற்காக? மேற்குறிப்பு எழுதுவதற்காக. (உரிமம் தபாலில் போய்த் திரும்பும் வரை அந்த ஓட்டுநர் எதைக் காட்டி வண்டி ஓட்டுவார் என்று இளமையில் நான் ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டேன். “தபால்காரரைக் காட்டி ஓட்டுவார்” என்றார்.)

ஆக, ஒரே அட்டவணையில் மூன்று படிகள் அமைந்துவிட்டன. நேரில் நிற்கவேண்டிய குற்றம் மேற்படி. தபாலில் தீர்ந்தாலும் உரிமத்தில் தழும்பை விட்டுச் செல்லும் குற்றம் நடுப்படி. பணத்தோடு தீர்ந்து தடமில்லாமல் மறையும் குற்றம் கீழ்ப்படி. இவ்வாறு ஒப்புக்கொண்டு பணம் அனுப்பியவர் மீது மேல்நடவடிக்கை எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டார் என்ற காரணத்தால் உரிமம் வைத்திருக்கும் தகுதியை அவர் இழக்கவும் மாட்டார் என்று அதே பிரிவு உறுதி கூறியது. சட்டம் இயற்றியவர்களின் நோக்கம் நல்லதே. சாத்தூரில் பிடிபட்ட ஒருவன், சேலத்திலிருந்து மூன்று முறை வாய்தாவுக்கு வந்து செல்லும் செலவு அபராதத்தைவிடப் பெரிது. நீதிமன்றத்தின் நேரமும் மிச்சம். ஆயினும் படிகளை அமைத்துவிட்டால், மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படிக்கு இறங்க வழி தேடாமல் இருப்பானா?

எங்கள் தெருவில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் முதலாளிக்கு மூன்று வண்டிகள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணாச்சி மீது ஒரே நாளில் இரண்டு குற்றங்கள் சாட்டப்பட்டன. ஒன்று, அளவுக்கு மேல் பாரம் ஏற்றியது. மற்றொன்று, பிறருக்கு ஆபத்து விளையும்படி முரட்டுத்தனமாக ஓட்டியது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்னது 124-ஆவது பிரிவு, பின்னது 116. பின்னதில் உரிமத்துக்கே ஆபத்து. முதலாளி வக்கீல் வைத்தார். பேச்சு நடந்தது. எந்த ஊர் நீதிமன்றம் என்பது இங்கே வேண்டாம். முடிவில் பாரத்தை அண்ணாச்சி ஒப்புக்கொண்டார்; முரட்டு ஓட்டத்துக்குச் சாட்சி போதாது என்று அது கைவிடப்பட்டது. அபராதத்தை முதலாளி கட்டினார். அண்ணாச்சியின் உரிமப் புத்தகம் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

அன்றிரவு தெருவே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். வண்டியை விட்டால் வேறு தொழில் அறியாதவர். உரிமம் ஆறு மாதம் முடங்கினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முதலாளி வேறு ஆளை அமர்த்திக்கொள்வார், வண்டி நிற்காது. பாரம் ஏற்றச் சொன்னவர் முதலாளி; ஏற்றியவன் ஓட்டுநர். அந்தக் குற்றத்தை முதலாளியின் பணத்தில் தீர்த்தது நியாயம் என்றே எனக்குத் தோன்றியது. பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. இரவில் சாத்தூர்ச் சாலையில் அண்ணாச்சியின் லாரி ஒரு மாட்டுவண்டியின் மேல் மோதியது. வண்டிக்காரர் பிழைத்தார், ஆனால் ஒரு காலை இழந்தார். மாடுகளில் ஒன்று அங்கேயே இறந்தது. வழக்கு நடந்தபோது, “முன் தண்டனை ஏதும் உண்டா?” என்ற கேள்வி எழுந்தது. முரட்டு ஓட்டத்துக்குத் தண்டனை ஏதும் இல்லை என்பதே விடை. அது பொய்யன்று. ஏட்டின்படி முற்றிலும் மெய். முதற்குற்றம் என்று கருதித் தண்டனை இலேசாக அமைந்தது. வண்டிக்காரரின் மனைவி நீதிமன்ற வாசலில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்ததை நான் கண்டேன். முதல் பேச்சு நடந்தபோது அந்த அம்மாளைக் கலந்து கேட்டவர் யார்? அப்போது அவருக்கும் அந்த வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல்.

இத்தகைய பேரங்களைப் பற்றி நம் உச்சநீதிமன்றம் என்ன நினைத்தது என்பதையும் பார்ப்போம். 1976-இல் முரளிதர் மேக்ராஜ் லோயா வழக்கிலே நீதிபதி கிருஷ்ணய்யர் குற்ற ஒப்புதல் பேரத்தைக் கடிந்தார். 1980-இல் காசம்பாய் வழக்கிலே நீதிபதி பகவதி அதனை இன்னும் வன்மையாக மறுத்தார். இரண்டும் உணவுக் கலப்பட வழக்குகள். சமுதாயம் முழுவதும் உண்ணும் பொருளில் செய்த கலப்படத்தை, அரசுத் தரப்பும் குற்றவாளியும் மட்டும் அமர்ந்து பேசித் தீர்ப்பதா என்பது அவர்கள் கேள்வி. 1983-இல் வந்த திப்பேசாமி வழக்கு மறுபக்கத்தைக் காட்டிற்று. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகச் சாட்டப்பட்ட ஒருவர், இலேசான தண்டனை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் மேல்நீதிமன்றம் தண்டனையை உயர்த்திவிட்டது. ஒப்புக்கொள்ளத் தூண்டிவிட்டுப் பிறகு தண்டனையை உயர்த்துவது அரசியலமைப்பின் 21-ஆவது உறுப்புக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் கூறியது. பேரத்தில் வலியவன் மட்டுமே வெல்கிறான் என்று எண்ணவேண்டா; எளியவன் ஏமாறுவதும் உண்டு.

சட்ட ஆணையம் 1991-இல் தன் 142-ஆவது அறிக்கையில் வேறு விதமாகச் சிந்தித்தது. விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் தேங்குகின்றன. தாமே முன்வந்து ஒப்புக்கொள்வோருக்குச் சலுகை தரலாம் என்றது. அந்த எண்ணம் முதிர்ந்து, 2006-ஆம் ஆண்டு ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஏ அத்தியாயமாக நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில், சில விலக்குகளோடு, பாதிக்கப்பட்டவரையும் உடன் அமர்த்திப் பேசித் தீர்வு காணலாம். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் இது தொடர்கிறது. பாதிக்கப்பட்டவரை உடன் அமர்த்தி என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு அந்த வேப்பமரம் நினைவுக்கு வந்தது.

இதற்குள் மோட்டார் சட்டமும் மாறிவிட்டிருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய 130-ஆவது பிரிவு அதில் 208-ஆவது பிரிவாக உருமாறிற்று. அதைவிட முக்கியமானது 200-ஆவது பிரிவு. நீதிமன்றத்துக்குச் செல்லாமலே, மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியிடம் அறிவிக்கும் தொகையைச் செலுத்திக் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இத்தொகைக்கு இணக்கக் கட்டணம் என்று பெயர். இனிய சொல்! அபராதம் என்றால் தலை குனிகிறது. இணக்கம் என்றால் கை குலுக்குவதுபோல் இருக்கிறது.

எந்தெந்தக் குற்றங்களுக்கு இந்த இணக்கம் உண்டு என்பதற்கு அப்பிரிவிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டாசு வட்டாரத்து மாணவர்கள் அப்பட்டியலைக் கூர்ந்து படிக்கவேண்டும். 190-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதில் இருக்கிறது. மூன்றாம் உட்பிரிவு இல்லை. இரண்டாம் உட்பிரிவு என்பது ஒலி, புகை முதலியவற்றின் அளவை மீறிய வண்டியைப் பற்றியது. மூன்றாம் உட்பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தான சரக்குகளை விதிகளுக்கு மாறாக ஏற்றிச் செல்வதைப் பற்றியது. அடுத்தடுத்த இரு வரிகள்! ஒன்றைப் பணம் கட்டித் தீர்க்கலாம். மற்றொன்றுக்கு நீதிமன்றப் படி ஏறவேண்டும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர், மூன்றாம் உட்பிரிவில் முதற்குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும், அல்லது ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

ஆபத்தான சரக்கை ஏற்றும் ஓட்டுநருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். அப்பயிற்சி அவர் உரிமத்தில் பதியப்படவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வண்டி விதிகளில் 9-ஆவது விதி கூறுகிறது. பாருங்கள், இங்கே மேற்குறிப்பு ஒரு தழும்பன்று; தகுதிச் சான்று! எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஏன்? வண்டியில் உள்ள சரக்கு எத்தகையது, தீப்பற்றினால் என்ன செய்வது என்பன எழுதப்பட்ட அவசரக் குறிப்பு வண்டியில் இருக்கவேண்டும். ஓட்டுநர் அதனைப் படிக்கவேண்டும். வெடிபொருள்களுக்கென்று 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் தனியே உண்டு. இவ்வளவையும் மீறிய ஒரு வண்டி பிடிபடும்போது, சாலையோரத்தில் நிற்கும் அதிகாரி எந்த வரியை எழுதுகிறார் என்பதில் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன! புகை என்று எழுதினால் பத்து நிமிடத்தில் வண்டி நகரும். ஆபத்தான சரக்கு என்று எழுதினால் தீபாவளிச் சரக்கு தேங்கும். சட்டம் அனுமதிக்கும் இணக்கம் வேறு. உண்மையை மறைத்து வேறு வரியை எழுதுவிப்பது வேறு. பின்னதற்கு நம் ஊர்களில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை வானொலியில் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கட்டினால் எல்லாம் தீர்ந்தது என்ற நிலைக்கு எதிராக எழுந்த குரல் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க நடவடிக்கை வேண்டி 2012-இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். முறிந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருந்தவர், முறிவது ஏன் என்று கேட்கத் தொடங்கியதன் விளைவு அது. 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2015-இல் அக்குழு மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தது. மிகுவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், சரக்கு வண்டியில் மிகுபாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடித்து ஓட்டுதல், ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல் ஆகிய ஆறு குற்றங்களுக்கும் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கவேண்டும் என்பதே அது.

இந்த ஆறில் மிகுபாரம் இருப்பதைக் கண்டபோது அண்ணாச்சியை நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கி ஒளிந்த கீழ்ப்படியே இப்போது மேற்படி ஆகிவிட்டது! நான்காவது குற்றமோ எங்கள் பகுதிக்கு மிக நெருங்கியது. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குப் பேருந்து கிடைக்காத இடங்கள் உண்டு. கிடைத்த சரக்கு வண்டியில் ஏறி நின்றுகொண்டு செல்வதை நானே கண்டிருக்கிறேன். ஏற்றிச் செல்பவரின் உரிமத்தை நிறுத்தினால் அடுத்த நாள் அந்தப் பெண்கள் எதில் செல்வார்கள்? நிறுத்தாவிட்டால் வண்டி கவிழும் நாளில் யார் பொறுப்பு? இதற்குப் பேருந்து விடுவதன்றி வேறு நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

2019-ஆம் ஆண்டின் திருத்தம் 200-ஆவது பிரிவிலும் கை வைத்தது. இணக்கக் கட்டணம் செலுத்தித் தீர்த்த குற்றமும், அடுத்த முறை கணக்கிடும்போது முற்குற்றமாகவே கொள்ளப்படும். கட்டணம் செலுத்தியதனால் உரிமத்தின் மீதான நடவடிக்கையிலிருந்தோ, புத்தாக்கப் பயிற்சிக்குச் செல்லும் கடமையிலிருந்தோ விடுதலை கிடையாது. ஆபத்தாக ஓட்டுதல் என்ற 184-ஆவது பிரிவு, முன்பு முழுமையாக இணக்கத்துக்கு உரியதாக இருந்தது. இப்போது கைப்பேசியைப் பயன்படுத்திய அளவுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் அணியாமைக்கு 1,000 ரூபாய் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உரிமத்தைப் பற்றிய மாறுதலை நினைவில் வைத்திருப்போர் சிலரே. காசைத் தொட்டால்தான் நமக்கு வலிக்கிறது போலும்!

வெளிநாடுகளில் இந்த மேற்குறிப்பு எண்களாக வளர்ந்துவிட்டது. பிரிட்டனில் 1982 முதல் ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டப் புள்ளிகள் உண்டு. மூன்றாண்டுக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் பொதுவாக உரிமம் பறிபோகும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் புள்ளிகள் உண்டு. அங்கே புள்ளியோடு காப்புறுதித் தொகையும் ஏறுமாதலால், வேகமாகச் சென்றவர் அரசு வழக்கறிஞரோடு பேசி, வண்டியைத் தகாத இடத்தில் நிறுத்தினேன் என்பது போன்ற புள்ளியில்லாக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சற்றுக் கூடுதலாகவே பணம் கட்டிவிட்டுச் செல்வது வெளிப்படையான வழக்கம். விரைந்து ஓடிய வண்டி, ஏட்டில் நின்றுகொண்டிருக்கிறது! ஆனால் அங்கும் லாரி, பேருந்து முதலிய தொழில்முறை வண்டிகளின் உரிமம் பெற்றோருக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய தண்டனையை ஏட்டிலிருந்து மறைப்பதையோ ஒத்திவைப்பதையோ மாநிலங்கள் செய்யலாகாது என்று அந்நாட்டின் மத்திய விதி தடுக்கிறது. பெரிய வண்டியை ஓட்டுவோரின் கடந்தகாலம் பொதுச்சொத்து என்பது அதன் கருத்துப் போலும்.

இந்தியாவிலும் இம்முயற்சி நடந்ததுண்டு. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு மசோதாவின் வரைவில் புள்ளிமுறை இருந்தது, மசோதா சட்டமாகவில்லை. 2017-இல் தெலங்கானா பன்னிரண்டு புள்ளிக் கணக்கைத் தொடங்கியது. உரிமங்களின் விவரங்கள் கணிப்பொறியில் ஒருங்கே பதியப்பட்டுவிட்ட இந்நாளில், சாத்தூரில் எழுதியதைச் சேலத்தில் படிக்க ஒரு நொடி போதும். தபால்காரரைக் காட்டி ஓட்டவேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகருக்குச் சென்றிருந்தேன். அண்ணாச்சி காலமாகிவிட்டார். அவருடைய மூத்த மகன், பட்டாசு ஏற்றும் வண்டியின் ஓட்டுநர். தன் உரிம அட்டையையும், ஆபத்தான சரக்குக்கான பயிற்சிச் சான்றையும் எடுத்துக் காட்டினார். பிறகு உள்ளே சென்று, தகரப் பெட்டியிலிருந்து தகப்பனாரின் பழைய உரிமப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நிழற்படம் மங்கியிருந்தது. புதுப்பித்த முத்திரைகள் வரிசையாக இருந்தன. பின்பக்கங்களில் தண்டனைகளை எழுதுவதற்கென்று கட்டம் போட்ட இடம். மாட்டுவண்டி வழக்குக்காக எழுதிய ஒற்றை வரி அதில் இருந்தது. அதற்கு மேலே, ஒன்றரை ஆண்டு முந்திய வரி இருந்திருக்கவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

“அப்பா இதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார் மாமா,” என்றார் மகன். “அந்தக் கீழ்வரியை அல்ல, மேலே உள்ள கட்டத்தைத்தான்.”